கண்ட அளவும் எதிர்பார்த்த அளவும்

மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிக்கு மருத்துவரின் முகம் தெரியும். மருந்து எடுத்துக் கொடுப்பவரின் முகமும் தெரியும். தன் விரல் நுனியிலிருந்து எடுத்த குருதியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்து, ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதியவரின் முகம் மட்டும் அவருக்குத் தெரியாது. எழுதியவருக்கும் அந்நோயாளியைத் தெரியாது. அவர் முன்னால் இருப்பது ஒரு குழாய். அதன்மேல் ஓர் எண். ஒருவரையொருவர் காணாத இவ்விருவருக்கும் இடையிலுள்ள கடமை எத்தகையது? நம்மைக் கேள்வி கேட்க ஒருபோதும் வரமுடியாத ஒருவருக்கு நாம் எவ்வளவு உண்மையாக இருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்? உயிர்மருத்துவ அறிவியல் எனும் ஈராண்டுப் பட்டப் படிப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இவ்வினாவே நம்முன் வந்து நிற்கிறது.

நம் குடும்பங்களில் இப்படிப்புக்குக் கிடைக்கும் வரவேற்பு எல்லாரும் அறிந்ததே. ‘பிள்ளை சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படிக்கிறது’ என்று உம்மா பெருமையுடன் சொல்வார். ‘டாக்டருக்கா?’ என்பார் கேட்டவர். ‘இல்லை, இரத்தம், கிருமி, மரபணு இவற்றைப் பற்றிய படிப்பு’ என்று உம்மா விளக்கத் தொடங்குமுன் பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கும். டாக்டர் என்ற சொல்லுக்கு மணப்பந்தலில் உள்ள மதிப்பு, அந்த டாக்டருக்குக் கண்ணாக இருப்பவருக்கு இல்லை. இதற்காக யாரையும் குறை கூறிப் பயனில்லை. காணும் கைக்கே மனிதர் நன்றி செலுத்துவர். காணாத கைக்கு நன்றி செலுத்தப் பழக்கம் வேண்டும்.

படிப்பதற்கான வாய்ப்பு நம் பகுதிக்குப் புதிதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தோன்றியது. அதன் வளாகத்திலேயே 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்தது. பல்கலைக்கழகத்தை 2013-இல் மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியும் 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற ஈராண்டு முதுநிலைப் படிப்புகளை நாடி, கடலூரிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் இலால்பேட்டையிலிருந்தும் நம் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். மஹ்மூது பந்தர் என முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டையிலோ, வெள்ளாற்று முகத்துவாரத்தில் அப்பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரோடு ஊராக இருந்து வருகிறது. உயிர்மருத்துவ அறிவியல் என்ற பெயரிலேயே படிக்க விரும்புவோர்க்குத் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தனித் துறை உண்டு. சென்னைத் தரமணியில் ஏ. இலட்சுமணசாமி முதலியார் பெயரால் அமைந்த அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனமும் உண்டு. வழி இருக்கிறது. அவ்வழியில் எதைத் தேடிப் போகிறோம் என்பதே கேள்வி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் கல்வியின் வகைகளைப் பேசுமிடத்தில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயாவாக வைக்கிறார். ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லாருடைய கடமையும் தீரும். ஒருவருமே முன்வராவிட்டால் ஊர் முழுதும் குற்றத்திற்குள்ளாகும். இவ்வளவு நமக்குத் தெரியும். அதை அடுத்து அவர் சொல்வதைத்தான் நாம் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. ஆயினும் மக்கள் ஃபிக்ஹுச் சட்டத்தை, அதிலும் வாதக் கலையை நோக்கியே முண்டியடித்துச் செல்கின்றனர். காரணம், நீதிபதிப் பதவியும் வக்ஃபு சொத்தின் பொறுப்பும் அநாதைகளின் உடைமை மீதான அதிகாரமும் அவ்வழியில் கிடைக்கின்றன என்று அவர் மனம் நொந்து எழுதுகிறார். 1111-இல் மறைந்த அப்பெரியாரின் காலத்தில் மருத்துவம் கைவிடப்பட்ட கல்வி. சட்டமே வருவாய்க்குரிய கல்வி. இன்று நிலை தலைகீழ். மருத்துவத்தை நோக்கியே முண்டியடிக்கிறோம், அவர் கண்டித்த அதே காரணங்களுக்காகவே! அன்று மருத்துவம் இருந்த இடத்தில், கவனிப்பாரற்று, இன்று மருத்துவத்தின் அடித்தளமான இவ்வறிவியல் இருக்கிறது. இமாமவர்கள் இன்றிருந்தால் பாடத்தின் பெயரை மாற்றிவிட்டு அதே வரிகளைத்தான் எழுதியிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு.

இனி, இப்படிப்பின் உள்ளே செல்வோம்.

செய்முறை வகுப்பில் மாணவரிடம் ஒரு கரைசல் தரப்படுகிறது. அதில் சர்க்கரை எவ்வளவு என்று கண்டு சொல்ல வேண்டும். அளவு தெரிந்த கரைசல்கள் சிலவற்றை முதலில் நிறமேற்றி, கலரிமீட்டரில் வைத்து, கிடைத்த அளவுகளைத் தாளில் புள்ளிகளாக இட்டு ஒரு கோடு வரைகிறார். பிறகு தெரியாத கரைசலின் நிறத்தை அக்கோட்டோடு ஒப்பிட்டு விடை காண்கிறார். எளிய வேலைதான். ஆனால் புள்ளிகள் கோட்டில் அமராமல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும். வெந்நீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் கூடியிருக்கலாம். பிப்பெட்டில் ஒரு துளி குறைந்திருக்கலாம். வகுப்பு முடிய அரை மணி நேரமே இருக்கிறது. சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டு பக்கத்தில் இருக்கிறது. விடை இன்னதுதான் என்ற செய்தியும் எப்படியோ மேசைக்கு மேசை பரவிவிடுகிறது. பிறகென்ன? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கலரிமீட்டர் காட்டியிருக்க வேண்டிய எண்ணை எழுதிவிடலாம். புள்ளிகள் அனைத்தும் படைவீரர்போல் கோட்டில் வரிசையாக நிற்கும். மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் அறிவியல் படித்தவர்களில் இதை அறியாதவர் இரார். இதைத் திருட்டு என்று எவரும் சொல்வதில்லை. ‘ரீடிங் சரிசெய்தல்’ என்று மென்மையாகச் சொல்வர். தேர்வில் பார்த்து எழுதுவதைக் குற்றமென அஞ்சும் பிள்ளைகூட இதற்கு அஞ்சுவதில்லை. யாருக்கும் இதனால் தீங்கில்லை அன்றோ? கரைசல் யாருடைய குருதியும் அன்று. ஆசிரியர் கலந்து வைத்த சர்க்கரை நீர்.

தீங்கு கரைசலுக்கு இல்லைதான், கைக்கு உண்டு. எதைக் கண்டாலும் எதிர்பார்த்ததை எழுதலாம் என்று அந்தக் கை கற்றுக்கொள்கிறது. ஈராண்டில் ஐம்பது முறை அவ்வாறு எழுதிய கை, ஐம்பத்தோராம் முறை ஒரு நோயாளியின் குழாய் வரும்போது வேறு கையாக மாறிவிடும் என்று எதை நம்பிச் சொல்வது? மரபியலின் தந்தை எனப்படும் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடிக் கணக்குகளை, 1936-இல் ரொனால்டு ஃபிஷர் எனும் புள்ளியியல் அறிஞர் ஆராய்ந்து, அவை நம்பத் தகாத அளவுக்கு நேர்த்தியாக இருக்கின்றன என்றார். மெண்டலைப் பொய்யர் என்று அவர் கூறவில்லை. என்ன விடை வேண்டுமென்று நன்கறிந்த உதவியாளர் ஒருவர் எண்ணிக்கையைத் திருத்தியிருக்கலாம் என ஐயுற்றார். அந்த ஐயம் சரியா தவறா என்ற வாதம் பின்பும் ஓயவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. இயற்கை ஒருபோதும் அவ்வளவு நேராக வரிசையில் நிற்பதில்லை. அளவுக்கு மீறிய ஒழுங்கே ஐயத்துக்கு இடமாகிறது.

எதிர்பார்த்ததை எழுதாமல் கண்டதை எழுதிய ஒரு மாணவியின் வரலாறு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிய அவரிடம், பேராசிரியை சுனிதி சாலமன், எய்ட்ஸ் எனும் புதிய நோய் தமிழ்நாட்டில் உண்டா எனப் பார்க்கும்படி சொன்னார். அது 1985-ஆம் ஆண்டின் இறுதி. மேலைநாட்டவரின் ஒழுக்கக் கேட்டால் வரும் நோய் அது, நம் நாட்டில் இருக்க முடியாது என்றே பத்திரிகைகளும் பொதுமக்களும் கருதிய காலம். ஆசிரியையும் மாணவியுமே ‘இல்லை’ என்ற விடையைத்தான் எதிர்பார்த்தனர். காப்பு இல்லம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடமிருந்து நிர்மலா குருதி எடுத்தார். பிரித்தெடுத்த ஊனீரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் சேமித்தார். சென்னையில் இச்சோதனைக்கு வசதியில்லாமையால், 1986 பிப்ரவரியில் கணவருடன் இரவு இரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கே சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின.

அக்கணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எவரும் எதிர்பாராத நிறம். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால் ஆய்வேடும் முடியும், பட்டமும் கிடைக்கும், நாடே மகிழும். எழுதியது தவறென்று சொல்ல நாட்டில் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆனால் மஞ்சள் நிறம் மஞ்சள் நிறமாகவே எழுதப்பட்டது. மறுபடியும் குருதி எடுத்தனர். அமெரிக்காவுக்கு அனுப்பிய மாதிரிகளும் அதையே உறுதி செய்தன. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார். நம்ப மறுத்தவர்கள் சோதனையையே பழித்தனர். இந்தியாவில் அந்நோய்க்கிருமி கண்டறியப்பட்ட வரலாறு ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1987-இல் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு, பின்னர்க் கிண்டி கிங் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நிர்மலாவின் பெயர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொதுமக்கள் அறியாத பெயராகவே இருந்தது. 2015-இல் மறைந்த சுனிதி சாலமனுக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு முள்ளும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழ்வது முறையாகாது. குருதி கொடுத்த அப்பெண்களிடம், என்ன நோய்க்காகச் சோதிக்கிறோம் என்று சொல்லவில்லை என நிர்மலாவே பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். சொன்னாலும் விளங்கியிராது என்பது அக்காலத்தின் நினைப்பு. இன்றைய விதிகளின்படி அது நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. நாடு காப்பாற்றப்பட்டது அப்பெண்களின் குருதியால். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும்போது, காணாதவருக்குச் செய்ய வேண்டிய கடமை உண்மையை எழுதுவதோடு தீர்ந்துவிடுவதில்லை என்பது புலனாகிறது.

நம் இதழ்களில் இப்னு சீனா, ராஸி என்று பெயர்களை அடுக்கிப் பெருமை பேசுவது வழக்கம். பெருமை பேச ஆகும் செலவு ஒன்றுமில்லை. அப்பெயர்களுக்கு இடையே இப்னு நஃபீஸை மட்டும் இங்குக் குறிப்பிடுவோம். அதுவும் பெருமைக்காக அன்று. டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்து 1288-இல் மறைந்த அவர், நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும் ஆவார். இதயத்தின் வலப்பக்கக் குருதி, நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதி, ஆயிரம் ஆண்டுகளாக எல்லாரும் அதை ஏற்றிருந்தனர். இப்னு சீனாவின் நூலுக்கு உரையெழுதப் புகுந்த இப்னு நஃபீஸ், அச்சுவர் கெட்டியானது, அதில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே சுற்றிச் செல்ல வேண்டும் என்று எழுதினார். சமயச் சட்டமும் தம் இரக்கமும் உடலறுப்பைச் செய்யவிடாமல் தம்மைத் தடுத்தன என்றும் அவரே கூறுவதால், கண்டு சொன்னாரா, சிந்தித்துச் சொன்னாரா என அறிஞர் வாதிடுவர். எவ்வாறாயினும், இல்லாத துளையை ஆசிரியர்க்குரிய மரியாதைக்காக உண்டென்று எழுத அவர் மறுத்தார். காலனையும் இப்னு சீனாவையும் மதித்துக்கொண்டே மறுத்தார். அவ்வுரை 1924-இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்ணில் படும் வரை, உலகம் இவ்விஷயத்தில் அவரை மறந்தே இருந்தது. புகழ் கிடைக்கும் என்றிருந்தால் 600 ஆண்டுகள் அவர் காத்திருந்திருக்க வேண்டும்!

உண்மை கூறுவதில் ‘உண்டு’ என்பதைவிட ‘இல்லை’ என்பது கடினம். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடுபவர், ஒரு கிருமியைக் கண்டுவிட்டால் கண்டேன் என்று எழுதலாம். காணாவிட்டால்? நுண்ணோக்கியின் கீழ்ச் சில்லை நகர்த்தி நகர்த்தி 100 புலங்களைப் பார்த்த பின்னரே ‘இல்லை’ என்று எழுத வேண்டும் என்பது விதி. மலேரியாவுக்கும் அவ்வாறே 100 புலங்கள். இருபது புலங்கள் பார்ப்பதற்குள் கண் வலிக்கும். மேசையில் இன்னும் பல சில்லுகள் காத்திருக்கும். இருபதில் இல்லாதது நூறிலும் பெரும்பாலும் இராது. இருபதோடு நிறுத்தினாரா, நூறு பார்த்தாரா என்பது அவரையும் அல்லாஹ்வையும் தவிர எவருக்கும் தெரியாது. நீ அவனைக் காணாவிட்டாலும் அவன் உன்னைக் காண்கிறான் எனும் உணர்வோடு வணங்குவதே இஹ்ஸான் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்த உணர்வு தொழுகை விரிப்போடு முடிந்துவிடுமா, இருபத்தோராம் புலத்துக்கும் வருமா?

இப்போது எல்லாம் இயந்திரம் பார்க்கிறதே, மனிதனின் நேர்மைக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. இயந்திரம் தனக்குக் கொடுத்ததை அளக்கும். கொடுத்தது சரியா என்பதை அது அறியாது. ஓர் உதாரணம் போதும். சிற்றூரில் காலையில் எடுத்த குருதியைச் சாதாரணக் குழாயில் அடைத்துப் பேருந்தில் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். குருதியிலுள்ள அணுக்கள் உயிருள்ளவை. குழாய்க்குள்ளும் அவை சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறையும். சித்திரை வெயிலில் இன்னும் விரையும். சோடியம் ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுத்திருந்தால் அக்குறைவு பெரிதும் தடுக்கப்பட்டிருக்கும். பிற்பகலில் இயந்திரம் காட்டும் எண் துல்லியமானது. ஆனால் அது காலையில் நோயாளியின் உடலில் இருந்த எண்ணன்று. இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. குருதி எடுத்தவருக்கும் நல்லெண்ணம், அனுப்பியவருக்கும் நல்லெண்ணம். ஆயினும் நீரிழிவுள்ள ஒருவர் நோயில்லை என்று நம்பி வீடு திரும்புகிறார்.

நிய்யத்து மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி எனும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். அறியாமல் சொல்லும் பொய்யும் கேட்டவரைக் கெடுக்கவே செய்கிறது. ஈராண்டுகள் எதற்கு, ஆறு மாதச் சான்றிதழில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ளலாமே என்று சொல்லும் வாப்பாமார்களுக்கும் இதுவே விடை. பொத்தானை அழுத்த ஆறு நாள் போதும். வந்த எண்ணை நம்பலாமா என்று ஐயுறுவதற்கே ஈராண்டு.

இதுவரை பேசியதில் உண்மையும் நன்மையும் ஒரே பக்கத்தில் நின்றன. அவை எதிரெதிராக நிற்பதாகத் தோன்றும் இடமும் உண்டு. நம் ஊர்களில் அது அன்றாடச் செய்தி. வளைகுடா செல்வோருக்கான ‘மெடிக்கல்’ பற்றித்தான் சொல்கிறோம். மார்புப் படத்தில் காசநோய்க் குறி, குருதியில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி ஆகிய கிருமிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணம் நின்றுவிடும். விசாவுக்காக லாத்தாவின் நகை அடகிலிருக்கும். முகவருக்குக் கொடுத்த பணம் திரும்பாது. குமர்ப்பிள்ளைகள் இருவர் வீட்டிலிருப்பர். சோதனைக் குழாயில் மஞ்சள்காமாலை பி கிருமியின் குறி தெரிகிறது. அவ்வாய்வுக்கூடத்தில் பணியாற்றுபவர் நம் ஊர்ப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ஒரு சொல்லை மாற்றி எழுதுங்கள். ஒரு குடும்பம் பிழைக்கும். அந்த நன்மை முழுதும் உங்களுக்குத்தான்” என்கிறார். பணம் கொடுத்துக் கேட்டால் மறுப்பது எளிது. கண்ணீரோடு கேட்கும்போது என்ன செய்வது?

பெரியவர் மார்க்கத்தையும் துணைக்கு அழைக்கக்கூடும். பிணங்கிய இருவரைச் சேர்த்து வைப்பதற்காகச் சொல்லப்படும் சொல்லைப் பொய்யாகக் கொள்ளாத மார்க்கமன்றோ நம்முடையது? ஆம். ஆனால் அச்சலுகை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிணக்கைத் தீர்க்கும் சொல்லால் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. ஆய்வறிக்கையோ சாட்சியம். சாட்சியத்தைப் பற்றிய இறைக் கட்டளை வேறு. தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிரானதாயினும் அதை நேராகச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. காசநோயை மறைத்து அனுப்பினால், அங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் உறங்கப்போகும் மற்றத் தொழிலாளிகளுக்கு யார் பதில் சொல்வது? அவர்களும் யாரோ ஒரு லாத்தாவின் நகையை அடகு வைத்து வந்தவர்கள்தாம்.

அறைவாசிகளை விடுவோம். அந்த இளைஞரையே நோக்குவோம். மஞ்சள்காமாலை பி கிருமி ஓசையின்றிப் பல்லாண்டு உடலில் தங்கிக் கல்லீரலைச் சுருக்கிவிடக் கூடியது. சிலருக்குப் புற்றாகவும் மாறும். மருத்துவக் கண்காணிப்பில் இருந்தால் பெரும்பாலும் அடக்கி வைக்கலாம்; மனைவி மக்களுக்குத் தடுப்பூசி போட்டுக் காக்கலாம். ‘நோயில்லை’ என்று எழுதப்பட்ட தாள் அவருக்கு ஒரு பயணத்தைக் கொடுத்து, தம் உடலைப் பற்றிய அறிவைப் பறித்துக்கொள்கிறது. இரக்கத்தின் பெயரால் செய்த அத்திருட்டு, பத்தாண்டு கழித்து, வயிற்றில் நீர் கட்டி அவர் ஊர் திரும்பும்போதுதான் வெளிப்படும். இரக்கம் கேட்டவரிடம் போயிற்றே தவிர, நோயாளியிடம் போகவில்லை.

ஆகவே விதியே நியாயமானது என்று நாம் சொல்ல வரவில்லை. கிருமியுள்ளவர் எல்லாரும் வேலை செய்ய இயலாதவர் அல்லர். பழைய காசநோய் முற்றும் குணமாகித் தழும்பு மட்டுமே எஞ்சியவரையும் திருப்பி அனுப்பும் விதி கடுமையானதுதான். அதை எதிர்த்துப் பேச வேண்டிய இடங்கள் உண்டு. பேச வேண்டியவர்களும் உண்டு. தழும்பைத் தழும்பு என்றும், நோயை நோய் என்றும் பிரித்து எழுதுவது ஆய்வறிஞரின் வேலை. அவ்வாறு எழுதப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் விதியோடு வழக்காட முடியும். தாளே பொய்யாகிவிட்டால் எதை வைத்து வழக்காடுவது?

அந்தப் பிள்ளை பெரியவருக்குச் செய்யக் கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. முதல் சோதனையோடு நில்லாமல் இரண்டாம் முறை குருதி எடுத்து உறுதி செய்யலாம். எந்த மருத்துவரிடம், எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயை மூடிக்கொள்ளலாம். நம் ஊர்களில் ‘மெடிக்கலில் திரும்பியவர்’ என்ற பேச்சு பள்ளிவாசல் ஹவுளிலிருந்து மீன்கடை வரை ஒரே நாளில் போய்விடும். மறுநாள் தங்கையின் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும். எச்.ஐ.வி. பற்றிய இரகசியத்தைக் காக்க 2017-இல் இந்தியா சட்டமே இயற்றியது. பிறர் குறையை மறைப்பதன் சிறப்பைச் சட்டம் வருமுன்பே கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிய பாடமன்று. பழைய பாடத்தின் மறுவாசிப்பு.

ஆயினும் ஆய்வுக்கூடத்துப் பிள்ளையிடம் மட்டும் இவ்வளவு கேட்பது நியாயமாகாது. உண்மையை எழுது என்று நாம் அவரிடம் சொன்னால், அவ்வுண்மையின் விலையை அந்த ஏழைக் குடும்பம் ஒன்றே செலுத்தட்டும் என்று விட்டுவிடலாகுமா? எழுதிய ஒருவர், எழுதப்பட்ட ஒருவர், இவ்விருவருக்கும் நடுவே ஊர் ஒன்று இருக்கிறது. ஸகாத்துக்குரிய எட்டு வகையாருள் கடனில் அழுந்தியவரும் ஒருவர். விசாவுக்காகக் கடன்பட்டு, நோயின் காரணமாகத் திரும்பியவர் அவ்வகையில் சேராவிட்டால் வேறு எவர்தான் சேர்வார்? ஜமாஅத்துகளின் கணக்கேடுகளில் திருமணச் செலவு கேட்டவர், கூரை மாற்றக் கேட்டவர், அறுவை மருத்துவத்துக்குக் கேட்டவர் ஆகியோரின் பெயர்கள் வரிசையாக இருக்கும். மெடிக்கலில் திரும்பியவரின் பெயர் மட்டும் எளிதில் கிடைக்காது. ஏன் திரும்பினாய் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பார்களே என்றஞ்சி, அவர் கேட்கவே வந்திருக்க மாட்டார்.